பிடிமானம் குதிரைத்திறனில் இல்லை!

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வியைப் படித்ததும் எனக்கு உடனே எழுதத் தோன்றியது. 'என்னிடம் மினி டிராக்டர் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் வயலிலிருந்து மேட்டுக்கு ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இதைக் கொடுத்துவிட்டு, கூடுதல் குதிரைத்திறன் உள்ள வண்டி வாங்கலாமா?' இதுதான் அவர் கேட்டது.

நான் மன்னார்குடிப் பக்கம் 6 ஏக்கர் நெல் விவசாயி. 1989-ம் வருஷத்திலிருந்து டிராக்டர் ஓட்டுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு யாராவது இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், 'ஆமாம், பெரிய வண்டியா வாங்குங்க' என்றுதான் சொல்லியிருப்பேன். அது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது எங்கள் ஊர்ச் சேறு இல்லை. கனடா நாட்டுப் பனி!

மகளுக்குத் தலைப்பிரசவம். பிப்ரவரி கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். சம்பா அறுவடையை முடித்து, பொங்கல் கழிந்த கையோடு நானும் என் வீட்டுக்காரியும் விமானம் ஏறினோம். மகள் இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில், ஓவன் சவுண்ட் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். ஹ்யூரான் ஏரி, ஜார்ஜியன் விரிகுடா என்று சுற்றிலும் கடல் மாதிரி தண்ணீர். குளிர்ந்த காற்று அந்த ஏரித் தண்ணீர்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். ஏரி உறையாமல் இருக்கும்வரை இந்தக் கூத்து நிற்காது. ஒரே ராத்திரியில் முழங்கால் ஆழத்துக்குப் பனி விழுந்ததை நானே பார்த்தேன்.

மாப்பிள்ளை திருச்சிக்காரர். கம்ப்யூட்டர் வேலை. டவுனில் வாடகை அதிகம் என்று கிராமத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். வீடு மேட்டில் இருக்கிறது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு 80 மீட்டர் நீளத்துக்குச் சரிவான பாதை. பாதை முடிகிற இடத்தில் ரோடு, அதன் ஓரமாக ஆழமான வடிகால். வீட்டை விற்றவர், பனி தள்ளுவதற்கு வைத்திருந்த 25 குதிரைத்திறன் டிராக்டரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். நம் ஊர் மினி டிராக்டர் அளவுதான். ஆனால், முன்பக்கம் லோடர் வாளி இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும். கிளட்ச் மிதித்து கியர் மாற்றுகிற வேலையெல்லாம் இல்லை. பெடலை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும்.

மாப்பிள்ளை அதைத் தொடவே பயந்து, மண்வெட்டி மாதிரி ஒரு தகட்டை வைத்துக்கொண்டு கையாலேயே பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு.

"தள்ளுங்க மாப்பிள்ளை, நான் ஓட்டுறேன். முப்பது வருஷமா சேத்துல ஓட்டுறவன் நான். இது என்ன, வெள்ளைச் சேறு!" என்றேன்.

"பார்த்து மாமா... கீழ சறுக்கும்னு சொல்றாங்க" என்றார் அவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளைச் சேறு கற்றுக்கொடுத்த பாடம்

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. புதிதாக விழுந்த பனி பொடியாக, மாவு மாதிரி இருந்தது. மூன்றாவது நாள் மதியம் வெயில் அடித்து, மேல்பனி கொஞ்சம் உருகியது. சாயங்காலம் திரும்பவும் குளிர் இறுகி, கார் ஏறி இறங்கிய தடம் முழுவதும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் இருந்த பனியை வாளி நிறைய அள்ளினேன். கீழே ஓரமாகக் கொட்டலாம் என்று சரிவில் இறங்கினேன். வாளியை மார்பு உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தேன், எதிரே பாதை தெரிய வேண்டும் என்று. நம் ஊரில் வயல் வேலை முடிந்து ரோட்டுக்கு வந்தால் முன்சக்கர இழுவையை எடுத்துவிடுவோம் இல்லையா, டயர் தேயக் கூடாது என்று? அதே பழக்கத்தில் ஃபோர் வீல் டிரைவ் லிவரையும் எடுத்துவிட்டிருந்தேன்.

பாதிச் சரிவில் பெடலை விட்டேன். பின்சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை! பிரேக்கை மிதித்தேன். இரண்டு பின்சக்கரமும் சுற்றாமல் அப்படியே இழுபட்டுக்கொண்டு போகின்றன. ஸ்டீயரிங்கை ஒடித்தால், முன்சக்கரம் திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை. பின்னால் மாப்பிள்ளை, "மாமா! மாமா!" என்று கத்துவது கேட்டது. பாதையின் கடைசியில் வண்டி பக்கவாட்டில் திரும்பி, ரோட்டோரப் பனிக்குவியலில் மோதி, ஒரு சக்கரம் வடிகாலுக்குள் தொங்க நின்றது. ரோட்டில் அந்த நேரத்தில் வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலில் என் மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது.

அவள் ஏன் அப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியும். என் தம்பி, அவளுக்குச் சித்தப்பா, டிராக்டரால்தான் போனான். 1998-ல், நடவுக்குச் சேறு கலக்கும்போது வண்டி உளையில் இறங்கிவிட்டது. எல்லோரும் செய்வதுதானே என்று, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு பூவரசங்கட்டையைக் கொடுத்து, சங்கிலியால் சக்கரத்தோடு கட்டினான். கட்டையில் ஏறிச் சக்கரம் மேலே வந்துவிடும் என்ற கணக்கு. கிளட்சை விட்டான். கட்டை சேற்றில் சிக்கிக்கொண்டதால், சக்கரம் சுற்ற முடியவில்லை. சக்கரம் சுற்றவில்லை என்றால், இன்ஜினின் பலம் முழுவதும் வண்டியின் முகத்தைத் தூக்கும். மூக்கு மேலே எழும்பி, வண்டி அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்தது. குதிப்பதற்குக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்போது மகளுக்கு 7 வயது. வரப்பில் நின்று பார்த்தாள்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர்

சத்தம் கேட்டு, பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மாடு வளர்க்கிறார். தன் டிராக்டரைக் கொண்டுவந்து, எங்கள் வண்டியை வெளியே இழுத்தார். அவர் செய்த முதல் காரியத்தை நான் கவனித்தேன். சங்கிலியை மேலே எங்கேயும் மாட்டவில்லை. தன் வண்டியின் அச்சுக்கும் கீழே இருக்கிற டிராபாரில்தான் மாட்டினார். எங்கள் எல்லோரையும் சங்கிலி அறுந்தால் எட்டாத தூரத்துக்குப் போகச் சொன்னார். பின்சக்கர அச்சுக்கு மேலே எந்த இடத்தில் மாட்டி இழுத்தாலும், இழுக்கிற வண்டியின் மூக்கு தூக்கும் என்றார். என் தம்பி கதையை மாப்பிள்ளை மூலமாகச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, எங்கள் டிராக்டரின் இருக்கைக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்த இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி ஊசி போட்டார். "இதை மடக்காதே. இது நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடு" என்றார். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் நசுங்காமல் காக்கிற சட்டம் அது.

அடுத்து, பின்டயரைக் கையால் தட்டினார். காலிக் குடத்தைத் தட்டுவது மாதிரி 'டங்' என்றது. "உள்ளே காற்று மட்டும்தான் இருக்கிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. டயருக்குத் தண்ணீர் ஏற்றுவது நமக்குத் தெரியாத விஷயமா என்ன?

மறுநாள் காலையில் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பெரியவர் சொன்னதன் சாரம் இதுதான்:

"வழுக்குகிற வண்டியைப் பார்த்தால், எல்லோரும் 'எப்படிப் போக வைப்பது' என்று யோசிக்கிறார்கள். நீ 'எப்படி நிற்க வைப்பது' என்று யோசி. நிற்கிற வண்டி கட்டாயம் போகும். போகிற வண்டி எல்லாம் நிற்காது."

நான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இந்தச் சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். பெடலை விட்டால் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான். முன்னால் வாளி நிறையப் பனியைத் தூக்கிவைத்து, சரிவிலும் இறங்கினால் எடை எல்லாம் முன்னால் போய்விடும். பின்சக்கரம் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பிரேக் போட்டு என்ன பிரயோஜனம்? ஃபோர் வீல் டிரைவைப் போட்டிருந்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் பல்சக்கரத்தால் இணைந்திருக்கும். பின்னால் பிடிக்கிற பிரேக், முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மேடு ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் அது வேண்டும் என்பது முப்பது வருஷம் ஓட்டிய எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் ஊரில் கலப்பை, ரோட்டாவேட்டர் எல்லாம் பின்னால் தொங்கும். அதனால் மூக்கு லேசாகிவிடும், முன்னால் எடைக்கட்டி மாட்டுவோம். அங்கே எல்லாமே தலைகீழ். வேலை முன்னால் நடக்கிறது, எடை பின்னால் வேண்டும்.

நாங்கள் செய்தது என்ன?

முதலில், பின்னால் த்ரீ பாயிண்ட் லிங்கில் ஒரு இரும்புப் பெட்டியை மாட்டி, உள்ளே கான்கிரீட் போட்டோம். லோடருக்கான கையேட்டிலேயே பின்னால் எவ்வளவு எடை வேண்டும் என்று போட்டிருக்கிறது. அந்த அளவுக்கு மேலே போகவில்லை. பின்னால் இருக்கிற எடை, பின் அச்சுக்கும் வெளியே தொங்குவதால், பின்சக்கரத்தை அமுக்குவதோடு முன் அச்சின் பாரத்தையும் குறைக்கும்.

இரண்டாவது, பின்டயருக்குள் திரவம். அங்கே வெறும் தண்ணீர் ஊற்ற முடியாது, உறைந்து கல்லாகிவிடும். பழைய ஆட்கள் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுவார்களாம். உறையாது, எடையும் அதிகம். ஆனால், கசிந்தால் ரிம்மைத் துருப்பிடிக்க வைத்துத் தின்றுவிடும். கார் கண்ணாடி கழுவுகிற, உறையாத திரவத்தையும் சிலர் ஊற்றுகிறார்கள். அது மலிவு. ஆனால், விஷம், தீப்பிடிக்கும். இப்போது பலர் விரும்புவது, சர்க்கரைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற பாகு மாதிரியான சாறு. கரும்பு ஆலையில் மொலாசஸ் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிலோ எடை. துரு பிடிக்காது. அந்த ஊர்க் குளிருக்கு உறையாது. டயர் கடைக்காரரே வீட்டுக்கு வந்து, டயரில் முக்கால் பாகம் நிரப்பிவிட்டுப் போனார்.

மூன்றாவது, சங்கிலி. இதுதான் எனக்குப் புதுசு. எங்கள் வண்டியில் இருந்தது, கட்டட வேலை வண்டிக்குப் போடுகிற டயர். பட்டன் ஒவ்வொன்றும் அகலமாக, மழுமழுவென்று இருக்கும். குளிரில் ரப்பர் வேறு இறுகிவிடும். பனிக்கட்டிமேல் கடிப்பதற்கு அதில் விளிம்பே கிடையாது. உழவு டயர் ஆழமான பனியை வெட்டிக்கொண்டு போகும், ஆனால் கட்டிப்பனியில் அதுவும் வழுக்கும். புல்தரைக்குப் போடுகிற டயரில் சின்னச் சின்னப் பட்டன்கள் நிறைய இருப்பதால், பனியில் அது பரவாயில்லை. எந்த டயராக இருந்தாலும், கட்டிப்பனியில் சங்கிலிக்கு ஈடில்லை.

சங்கிலியிலும் ரகம் உண்டு. ஏணிப்படி மாதிரி குறுக்கே போகிற சங்கிலி, படிகளுக்கு இடைவெளி அதிகமாக இருந்தால், டயர் பட்டன்களுக்கு நடுவில் போய் விழுந்துவிடும். தரையைத் தொடாது, இருந்தும் இல்லாத மாதிரிதான். வைர வடிவில் பின்னின சங்கிலி பட்டன்மேலேயே உட்காரும், பக்கவாட்டுச் சறுக்கலையும் தடுக்கும். நாங்கள் அதைத்தான் வாங்கினோம். மாட்டுவதற்கு முன், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சங்கிலி உரசாமல் சுற்ற இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். மாட்டி, பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, தளர்ந்ததை மறுபடியும் இறுக்கினோம்.

"பின்னால் மாட்டாமல் முன்னால் மட்டும் மாட்டிவிடாதே. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வீசிவிடும்" என்று பெரியவர் எச்சரித்தார்.

நான்காவது, பழக்கம். வாளி எப்போதும் தரையை ஒட்டி இருக்க வேண்டும். சரிவில் ஃபோர் வீல் டிரைவை எடுக்கவே கூடாது. டிஃபரன்ஷியல் லாக், நேராகப் போகும்போது மட்டும். திரும்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். கார் ஏறி மிதித்துப் பனியைக் கட்டியாக்குவதற்கு முன்பே தள்ளிவிட வேண்டும். சரிவில் இறங்குவதற்கு முன், மேலே சமதரையிலேயே ஒரு தடவை பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயே சறுக்கினால், அன்றைக்கு மணல் தூவாமல் இறங்கக் கூடாது.

"இனிமே நீங்க ஓட்டக் கூடாதுப்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. பக்கத்தில் நின்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். பத்து நாளில் அவர் என்னைவிட நிதானமாக ஓட்டினார். தெரியாதவனுக்கு இருக்கிற பயம், தெரிந்தவனுக்கு இருக்கிற திமிரைவிட நல்லது.

அந்த ராத்திரி

டாக்டர் கொடுத்த தேதிக்கு ஐந்து நாள் முன்பு, சாயங்காலமே பனி பிடித்துக்கொண்டது. எதிரே இருந்த மரம் தெரியவில்லை. பெரியவர் சொன்னபடி, ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை பாதையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் படுத்தோம். 2 மணிக்கு வீட்டுக்காரி என்னை எழுப்பினாள்.

"வலி வந்துடுச்சுங்க."

ஆஸ்பத்திரி 25 கிலோமீட்டர். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆனால், அதுவும் இந்தச் சரிவில்தானே ஏறி வர வேண்டும்? வெளியே வந்து பார்த்தால், 10 மணிக்குச் சுத்தம் செய்த இடத்தில் மறுபடியும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே பனி.

மாப்பிள்ளை பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். கை நடுங்கியது. ஆனாலும், சமதரையில் நிறுத்தி, ஒரு தடவை பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. சங்கிலி பனியைக் கடிக்கிற 'கர்க் கர்க்' சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வாளியைத் தரையோடு வைத்து, மெதுவாக இறங்கினார். பாதி வழியில் நிறுத்தினார், நின்றது. என் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

கீழேதான் பெரிய வேலை. ரோட்டைச் சுத்தம் செய்கிற அரசாங்க வண்டி, தள்ளிக்கொண்டு வந்த பனியை எங்கள் பாதையின் வாயில் வரப்பு மாதிரி போட்டுவிட்டுப் போயிருந்தது. ஈரமும் கட்டியும் கலந்த கனமான பனி. அதை ஒரே மோதலில் தள்ளப் பார்க்காமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். பனியை ரோட்டில் தள்ளக் கூடாது, அங்கே அது சட்டப்படி குற்றம். அதனால், ஒவ்வொரு வாளியையும் பின்னால் கொண்டுவந்து, எங்கள் இடத்தில் ஓரமாகக் கொட்டினார். நான் பின்னாலேயே நடந்து, கார்ச் சக்கரம் போகிற இரண்டு தடத்திலும் மணலைத் தூவிக்கொண்டு வந்தேன். நாற்று விடும்போது விதை தெளிக்கிற கை. அந்தக் குளிரிலும் அது மறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. மகளும் அவள் அம்மாவும் காரில் ஏறினார்கள். கார் சரிவில் இறங்கி, ரோட்டின் வாயில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியது. நின்று, பார்த்து, திரும்பியது... அவ்வளவுதான். சாதாரணமாக நடக்கிற காரியம். ஆனால், அந்த 'நின்று' என்ற ஒரு வார்த்தைக்காக நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் என்பது எனக்குத்தான் தெரியும்.

காலை 7 மணிக்கு போன் வந்தது. பேத்தி!

விடிந்ததும் பெரியவர் தன் டிராக்டரில் வந்தார். பாதையில் பதிந்திருந்த சங்கிலித் தடத்தைப் பார்த்தார், காலியாக இருந்த கார் கொட்டகையைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. பேத்தி என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினேன். என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

நம் வயலுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஊருக்குத் திரும்பியதும், என் வண்டியை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்ட வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: வழுக்குகிறது என்றால், முதலில் வழுக்குகிற மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பனிக்கு அடியில் உறைந்த கெட்டித் தரை இருக்கிறது. அதனால், அங்கே எடை உதவியது. மழை பெய்த மறுநாள் மேடும் அப்படித்தான். மேலே விரல் கனத்துக்கு வழுக்கல், அடியில் கெட்டி மண். அங்கே டயருக்குத் தண்ணீர் ஏற்றினால் பிடிக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு மேலே இருக்கிற மாதிரி திருப்பி, வால்வு மட்டம் வரைக்கும் ஏற்றினால் முக்கால் பாகம். அதற்கு மேலே வேண்டாம், மிச்சத்துக்குக் காற்று இருந்தால்தான் டயர் அதிர்ச்சியைத் தாங்கும். நமக்கு உறைபனி இல்லை, நல்ல தண்ணீரே போதும். என் மினி டிராக்டரின் இரண்டு பின்டயருக்கும் சேர்த்து எட்டுக் குடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால், நடவுக்குச் சேறு கலக்கும்போது இதே எடை எமன். அங்கே அடியில் கெட்டி இல்லை, இருந்தாலும் ஆழத்தில் இருக்கிறது. எடை கூடினால் புதையும். அங்கே வேண்டியது அகலம். அதற்குத்தான் கேஜ் வீல். நான் இப்போது சேற்றுழவுக்கு முன் டயர் தண்ணீரை இறக்கிவிட்டு, கேஜ் வீல் மாட்டுகிறேன். வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். தார் ரோட்டில் அதோடு ஓட்டினால் ரோடு பெயர்ந்துபோகும்.

எடை போதுமா, அதிகமா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பின்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை இறக்கி உழுதபடி, சக்கரம் 10 சுற்று சுற்றுகிற தூரத்துக்கு இரண்டு குச்சி நட்டுவையுங்கள். பிறகு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே தூரத்தை ஓட்டி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எட்டரை முதல் ஒன்பது சுற்று வந்தால் சரியான அளவு. அதாவது, 10 முதல் 15 சதவிகித வழுக்கல். எட்டுக்கும் கீழே போனால் டீசலும் டயரும் வீணாகிறது. எடையைக் கூட்டுங்கள் அல்லது கலப்பை ஆழத்தைக் குறையுங்கள். கிட்டத்தட்ட பத்தே வந்தால், தேவையில்லாத எடையைச் சுமந்துகொண்டு மண்ணை இறுக்குகிறீர்கள்.

டயர் பட்டன் தேய்ந்திருக்கிறதா, காற்று கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கிற கொக்கியை, வயலை விட்டு வெளியே வரும்போது போட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் சரி செய்த பிறகும் இழுக்கவில்லை என்றால், அப்போது குதிரைத்திறனைப் பற்றி யோசிக்கலாம். பிடிமானம் இல்லாத இடத்தில், கூடுதல் குதிரைத்திறன் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றவைக்குமே தவிர, வேறொன்றும் செய்யாது.

கடைசியாக ஒன்று. வண்டி உளையில் சிக்கினால், கட்டையைக் கட்டாதீர்கள். அரை நாள் வீணானாலும் பரவாயில்லை. மண்ணை வெட்டி எடுத்து, பின்பக்கமாக எடுக்கப் பாருங்கள். முடியவில்லையா, இன்னொரு வண்டியைக் கூப்பிட்டு, தாழ்வான கொக்கியில் மாட்டி இழுங்கள். எங்கள் தெருவில் இப்போது யாராவது கட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், நான் வேலையைப் போட்டுவிட்டு அந்த வயலுக்குப் போய்விடுகிறேன். 'உனக்கு வேற வேலை இல்லையா பெரியப்பா?' என்று பையன்கள் சலித்துக்கொள்வார்கள். கொள்ளட்டும்.

பேத்திக்கு இப்போது நடை வந்துவிட்டது. வீடியோவில் பார்க்கிறேன். பனியில் இரண்டு அடி எடுத்து வைக்கிறாள், நின்று கொள்கிறாள், அப்புறம்தான் அடுத்த அடி. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.